கீரைக்கு முன்னால் ஒரு கோழி

கேள்வி: என் பேரனுக்கு ஆறு வயது. கீரை என்றாலே வாயை இறுக மூடிக்கொள்வான். போன மாதம் பாப்பாய் கார்ட்டூன் ஒன்றைக் காட்டி, "இந்த மாமா டப்பா டப்பாவாகப் பசலைக்கீரை சாப்பிட்டுத்தான் இவ்வளவு பலசாலி ஆனார்" என்று சொல்லி நாலு வாய் ஊட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த என் தம்பி எல்லாவற்றையும் கெடுத்துவிட்டான். ஜெர்மனியில் யாரோ ஒரு விஞ்ஞானி இரும்புச்சத்தைக் கணக்கிடும்போது தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டாராம். அதனால் கீரையில் பத்து மடங்கு இரும்பு இருப்பதாக உலகமே நம்பியதாம். அந்தத் தப்புக் கணக்கை நம்பிக் கீரை வியாபாரத்துக்காக உருவாக்கிய விளம்பரப் பொம்மைதான் பாப்பாயாம். பேரன் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து தட்டைத் தள்ளிவிடுகிறான். தம்பி சொன்னது உண்மையா? பாப்பாயை உருவாக்கியது யார், எப்போது? இன்னொன்று: அந்தத் தாடிக்கார முரடனுக்குச் சில படங்களில் ப்ளூட்டோ என்றும் சிலவற்றில் ப்ரூட்டஸ் என்றும் பெயர் வருகிறது. இருவரும் ஒருவர்தானா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, பாப்பாய் முதன்முதலில் சாவின் வாசல் வரை போய்த் திரும்பியபோது அவன் வயிற்றில் கீரை இல்லை. அவன் கைக்கடியில் ஒரு கோழி இருந்தது. உங்கள் தம்பிக்கு இந்தக் கோழிக் கதையைச் சொன்னாலே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

1929 ஜனவரி 17. அமெரிக்க நாளிதழ்களில் 'திம்பிள் தியேட்டர்' என்று ஒரு படக்கதைத் தொடர் வந்துகொண்டிருந்தது. எல்ஸி கிரிஸ்லர் சீகார் என்பவர் 1919 டிசம்பரிலிருந்து வரைந்து வந்த தொடர். தன் பெயர் சுருட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்போல ஒலிப்பதால் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சுருட்டையும் வரைந்துவிடுவார். அந்தத் தொடரின் நாயகர்கள் ஆலிவ் ஆயில் என்ற ஒல்லிப் பெண், அவளுடைய அண்ணன் காஸ்டர் ஆயில், அவளுடைய காதலன் ஹாம் கிரேவி. அண்ணன் பெயருக்கு நம் மொழியில் விளக்கெண்ணெய் என்று பொருள். நாம் அசட்டு ஆளை எந்தப் பெயரால் திட்டுவோமோ அதே பெயர் அவனுக்கு எவ்வளவு பொருத்தம் என்பது அவனுடைய பணம் பண்ணும் திட்டங்களைப் படித்தால் தெரியும்.

அப்படி ஒரு திட்டம்தான் கோழி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு மாயக்கோழி காஸ்டரிடம் சேர்கிறது. பெயர் பெர்னிஸ். அதன் தலையைத் தடவினால் அதிர்ஷ்டம் வரும். சும்மா இருப்பானா? கடலுக்கு நடுவே சூதாட்டத்துக்கென்றே இருக்கும் ஒரு தீவுக்குப் போய், கோழியைத் தடவித் தடவி, சூதாட்ட விடுதியையே காலி செய்துவிடலாம் என்று கப்பல் வாங்குகிறான். கப்பலை ஓட்ட ஆள் வேண்டும். துறைமுகத்தில் ஒற்றைக் கண்ணோடு, வாயில் சுங்கானோடு, உடம்பைவிடப் பருத்த முன்கைகளில் நங்கூரம் பச்சை குத்திக்கொண்டு ஒருவன் நிற்கிறான். நீ மாலுமியா என்று காஸ்டர் கேட்கிறான். பார்த்தால் தெரியவில்லையா என்கிற தோரணையில் ஒரு எதிர்க்கேள்வி வருகிறது. பத்து வருடமாக ஓடிக்கொண்டிருந்த தொடருக்குள் பாப்பாய் நுழைந்தது இப்படி ஒரு கூலியாளாகத்தான். அந்தப் பயணம் முடிந்ததும் அவனைக் கழற்றிவிடுவதுதான் சீகாரின் எண்ணம்.

திரும்பி வரும் வழியில் கப்பலில் ஒளிந்திருந்த வில்லன் பாப்பாயைச் சரமாரியாகச் சுட்டுவிடுகிறான். உடம்பெல்லாம் குண்டு. பாப்பாய் கப்பலின் அடித்தளத்துக்குத் தவழ்ந்து போய், பெர்னிஸின் தலையைத் தடவிக்கொண்டே கிடக்கிறான். பிழைத்து எழுகிறான். போய் அந்த வில்லனை அடித்து வீழ்த்துகிறான். அடிக்க அடிக்கச் சாகாத மனிதன் என்ற அவனுடைய குணம் முழுக்க அங்கே பிறந்துவிட்டது. கீரை என்ற சொல்லே அந்தக் கதையில் கிடையாது.

பயணம் முடிந்தது, சீகார் அவனைத் தொடரிலிருந்து அனுப்பிவிட்டார். வாசகர்கள் விடவில்லை. எங்கே அந்த மாலுமி என்று கேட்டு எழுதத் தொடங்கினார்கள். சில வாரங்களிலேயே அவனைத் திரும்ப அழைத்து வர வேண்டியதாயிற்று. அதன்பிறகு அவன் போகவே இல்லை. பாவம் ஹாம் கிரேவி, பத்து வருடக் காதலன், மெல்ல மெல்லக் காணாமல் போனான். ஆலிவ் பாப்பாயின் பக்கம் வந்து சேர்ந்தாள்.

அப்படியானால் கீரை எப்போது வந்தது? 1931-வாக்கில், அவன் பிறந்து இரண்டு வருடம் கழித்து, போகிற போக்கில் சொன்ன வேடிக்கையாக வந்தது. சீகார் இருந்தவரை நாளிதழ்த் தொடரில் அது எப்போதாவது தலைகாட்டும் சங்கதிதான். வாரக்கணக்கில் கதை ஓடும், சண்டை நடக்கும், கீரைப் பேச்சே இருக்காது.

இப்போது தசமப் புள்ளிக்கு வருகிறேன். இந்தக் கதையைச் சொல்பவர் உங்கள் தம்பி மட்டுமல்ல, அம்மா. படித்தவர்கள், பேராசிரியர்கள், மருத்துவர்கள் எல்லாருமே பல வருடங்களாகச் சொல்லி வந்தார்கள். 1981-இல் டி. ஜே. ஹாம்ப்ளின் என்ற மருத்துவர் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் எழுதிய ஒரு கட்டுரைதான் இதை ஊரெங்கும் பரப்பியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்த ஒரு புள்ளிப் பிழை, 1930-களில் ஜெர்மானியர்களால் திருத்தப்பட்டது, அதற்குள் பாப்பாய் பிறந்துவிட்டான் என்பது அவர் எழுதியதன் சாரம். எங்கிருந்து எடுத்தார் என்று அதில் குறிப்பு எதுவும் இல்லை. ஆனால் கேட்கக் கேட்கச் சுவையான கதை. ஒரு சின்னப் புள்ளி உலகத்தையே ஏமாற்றிவிட்டது என்றால் யாருக்குத்தான் அடுத்தவரிடம் சொல்லத் தோன்றாது?

பிரிட்டனில் மைக் சட்டன் என்ற குற்றவியல் ஆய்வாளர் 2010-இல் இதன் வேரைத் தேடிப் போனார். பழைய அட்டவணைகள், பழைய கட்டுரைகள், சீகாரின் பழைய படக்கதைகள் என்று எல்லாவற்றையும் புரட்டினார். பாப்பாய்க்கும் புள்ளிப் பிழைக்கும் தொடர்பு காட்டும் சான்று எதுவும் கிடைக்கவில்லை. மாறாக, 1932-இல் வந்த ஒரு படக்கதையில் பாப்பாயே தன் வாயால் காரணம் சொல்வது கிடைத்தது. கீரையில் ஏ வைட்டமின் இருக்கிறது, அதுதான் மனிதரைத் திடமாக்குகிறது என்கிறான் அவன். இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வைட்டமின்கள் அப்போது புதிய கண்டுபிடிப்பு. நாளிதழ்களில் அடிபட்ட பேச்சு. சீகார் அதைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். கீரையில் உள்ள கரோட்டினை நம் உடம்பு ஏ வைட்டமினாக மாற்றிக்கொள்கிறது என்பதால் அவர் சொன்னது தப்பும் அல்ல. 2014-இல் ஓலே பியோர்ன் ரெக்டால் என்ற நார்வே நாட்டு மானுடவியலாளர், கல்வியுலகில் வதந்திகள் எப்படி வளர்கின்றன என்பதற்கே இந்தக் கீரைக் கதையை எடுத்துக்காட்டாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். மூலத்தைச் சரிபார்க்காமல் எழுதாதே என்று அறிவுரை சொல்லப் பயன்பட்ட கதையை, சொன்னவர்களே சரிபார்க்காமல் எழுதி வந்திருக்கிறார்கள்.

ஆனாலும் பத்து மடங்கு என்ற எண்ணில் ஒரு சின்ன நியாயம் ஒளிந்திருக்கிறது. இந்தக் கீரையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குமேல் தண்ணீர். காயவைத்துப் பொடித்த கீரையில் கணக்கெடுத்தால், பச்சைக் கீரையைப்போலப் பத்து மடங்குக்கு மேல் இரும்பு காட்டும். பச்சையாக எடுத்தால் 100 கிராமுக்குச் சுமார் 2.7 மில்லிகிராம். அதிலும் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். மேலே எலுமிச்சை பிழிந்தால் கூடுதலாகச் சேரும். எனவே, கீரை நல்லது என்று நீங்கள் பேரனிடம் சொன்னதில் பொய் இல்லை.

பெயரில் மட்டும் ஒரு திருத்தம். பாப்பாயின் டப்பாவில் இருப்பது பாலக்கீரை. நம் பக்கத்தில் பசலை என்று சொல்வது பந்தலில் படரும், சமைத்தால் கொழகொழவென்று இருக்கும் கொடி. இரண்டும் வேறு வேறு குடும்பம். கிடைக்கும் கீரைக்கெல்லாம் பசலை என்று மொழிபெயர்த்து மொழிபெயர்த்து இந்தக் குழப்பம் நிலைத்துவிட்டது. பாலக்குக்குச் சொந்தக்காரர்கள் நம் ஊரிலும் உண்டு. அரைக்கீரையும் தண்டுக்கீரையும் அதே குடும்பம்தான். அதனால் அரைக்கீரைக் கடையலையே பாப்பாய்ச் சோறு என்று தைரியமாக ஊட்டலாம்.

கீரை வியாபாரத்துக்காகப் பிறந்த பொம்மை என்ற பேச்சும் தலைகீழ். முதலில் பாப்பாய், பிறகுதான் வியாபாரம். கீரை விளையும் டெக்சஸ் மாநிலத்து கிறிஸ்டல் சிட்டியில் 1937-இல் பாப்பாய்க்குச் சிலை வைத்தார்கள். பாப்பாய் படம் ஒட்டிய கீரை டப்பாக்களும் பின்னால் கடைக்கு வந்தன. அவனால் கீரைக்குப் பெயர் வந்தது.

அவனைப் பெற்ற ஊர் இலினாய் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் செஸ்டர். சீகார் 1894-இல் அங்கே பிறந்தார். ஊரின் ஆபெரா ஹவுஸில் படம் ஓட்டினார், டிரம் வாசித்தார். தபால் வழியாகக் கேலிச்சித்திரம் கற்றுக்கொண்டு சிகாகோ போனார், அங்கிருந்து நியூயார்க். ஆனால் வரைந்ததெல்லாம் செஸ்டரைத்தான் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். ஃபிராங்க் 'ராக்கி' ஃபீகல் என்று ஒருவர் இருந்தார். துருத்திய தாடை, எப்போதும் வாயில் சுங்கான், சண்டை என்றால் சளைக்காதவர், குழந்தைகளிடம் மட்டும் பிரியமானவர். அவர்தான் பாப்பாய் என்கிறார்கள். கடை வைத்திருந்த டோரா பாஸ்கெல் என்ற உயரமான, மெலிந்த, கொண்டை போட்ட அம்மாள்தான் ஆலிவ். ஆபெரா ஹவுஸை நடத்திய ஷூகர்ட், ஹாம்பர்கர் பிரியர். செவ்வாய்க்கிழமை காசு தருகிறேன் என்று கடன் சொல்லியே தின்னும் விம்பி அவரிலிருந்து வந்தவன். ஃபீகல் 1947-இல் இறந்தார். அவருடைய கல்லறைக் கல்லில் பின்னாளில் பாப்பாய் படத்தைச் செதுக்கி வைத்தார்கள். 1977-இல் ஆற்றுப் பாலத்தின் அருகே பாப்பாய்க்கு வெண்கலச் சிலை எழுந்தது. இப்போது தெருவுக்குத் தெரு மற்ற பாத்திரங்களும் சிலையாக நிற்கிறார்கள்.

நானும் உங்களைப்போல முதலில் கார்ட்டூனில்தான் அவனைப் பார்த்தேன். அடி வாங்குவான், டப்பா திறப்பான், அடிப்பான். வெகுநாள் கழித்து, 2006-லிருந்து தொகுதி தொகுதியாக வந்த சீகாரின் பழைய படக்கதைகளைப் படித்தபோதுதான் இவன் வேறு ஆள் என்று தெரிந்தது. அந்தத் தொகுதிகளை மூட மனம் வரவில்லை. பாப்பாய் பிறந்த அதே 1929-இன் அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தை விழுந்து, ஊரெல்லாம் வேலையிழந்து நின்ற காலம் அது. 1932-இல் வந்த ஒரு கதையில் பாப்பாய் ஒரு வங்கி தொடங்குகிறான். பணம் வெளியே மட்டும் போகும் வங்கி. இல்லாதவர் வந்து கேட்டால் எடுத்துக்கொடுப்பதுதான் அதன் வேலை. 1933-இல் அவன் பெயருக்கு ஒரு பெட்டி வருகிறது. திறந்தால் உள்ளே ஒரு கைக்குழந்தை. சுவீப்பீ என்று பெயர் சூட்டித் தானே வளர்க்கிறான்.

இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது 1936-இல் வந்த கதை. பாப்பாய் தன் தகப்பனைத் தேடிப் போகிறான். யூஜீன் என்ற அபூர்வப் பிராணி வழிகாட்டுகிறது; ஆர்க்கிட் பூவைத் தின்று வாழும், கேட்டால் உண்மையை மட்டுமே உணர்த்தும் பிராணி. கடைசியில் கிழவன் கிடைக்கிறான். மகனைக் குழந்தையிலேயே விட்டுவிட்டு ஓடியவன். கட்டிப்பிடித்து அழுவான் என்று பார்த்தால், எனக்கு உறவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று எரிந்து விழுகிறான். அந்தத் தகப்பனையும் பாப்பாய் விட்டுவிடவில்லை. வீட்டுக்குக் கூட்டி வருகிறான். எத்தனை குத்து வாங்கினாலும் எழுந்து நிற்கும் அதே ஆள், இங்கே சொல்லால் வாங்கும் குத்தையும் தாங்கிக்கொண்டு நிற்கிறான். அவனுடைய பலம் என்ன என்று என்னைக் கேட்டால் இந்தப் பக்கங்களைத்தான் காட்டுவேன்.

சீகார் 1938 அக்டோபரில், 43 வயதிலேயே நோயில் இறந்துவிட்டார். பாப்பாயை வைத்து அவர் கதை சொன்னது பத்து வருடம்கூட முழுதாக இல்லை. பிறகு பலர் வரைந்தார்கள். அவரிடம் உதவியாளராக இருந்த பட் சாகன்டார்ஃப்தான் நெடுங்காலம் தாங்கிப் பிடித்தார். 1940-களின் பிற்பகுதியில் தனிப் புத்தகங்களாக வந்த பாப்பாய் காமிக்ஸும் அவர் கைவண்ணமே.

கீரையைக் கதையின் அச்சாணியாக்கியவர்கள் மாக்ஸ் ஃபிளைஷர், டேவ் ஃபிளைஷர் என்ற சகோதரர்கள். நியூயார்க்கில் கார்ட்டூன் படம் எடுத்து வந்தார்கள். 1933 ஜூலையில் பெட்டி பூப் என்ற தங்கள் புகழ்பெற்ற பாத்திரத்தின் படவரிசையில் பாப்பாயை அறிமுகப்படுத்தினார்கள். அந்த முதல் படத்திலேயே எல்லாம் இருக்கிறது. ஆலிவைத் தண்டவாளத்தில் கட்டிப்போடும் தாடிக்காரன், கடைசி நிமிடத்தில் ஒரு டப்பா கீரை, எதிரே வரும் ரயிலை ஒரே குத்தில் நிறுத்தும் பாப்பாய். ஏழெட்டு நிமிடப் படத்துக்குள் கதை முடிய வேண்டும். வாரக்கணக்கில் அடி தாங்கி நிற்பதற்கு அதில் இடமில்லை. நம் தெருக்கூத்தில் முடிவு தெரிந்தும் துரியோதனன் விழும் நேரத்துக்காக விடிய விடிய உட்கார்ந்திருப்போம் அல்லவா, அதுபோல டப்பா திறக்கும் நொடிக்காகவே ஜனங்கள் காத்திருந்தார்கள். 1957 வரை தியேட்டருக்கென்று வந்த பாப்பாய் படங்கள் மொத்தம் 231.

ஃபிளைஷர் படங்களில் பாப்பாய் எப்போதும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது ஜாக் மெர்சர் என்பவரின் குரல். அந்த ஸ்டுடியோவிலேயே படம் வரையும் பணியில் இருந்தவர். 1935-இல் குரல் கொடுக்க வந்து, கிட்டத்தட்ட ஐம்பது வருடம் பாப்பாயாகவே பேசினார். வரைந்து முடித்த படத்தைப் பார்த்துக்கொண்டே அவர் போகிற போக்கில் சேர்த்த பேச்சுதான் அந்த முணுமுணுப்பில் பெரும்பகுதி.

இனி உங்கள் தாடிக்காரன். ப்ளூட்டோ 1932-இல் சீகாரின் ஒரே ஒரு கதையில் வந்து, அடிபட்டுப் போன வில்லன். அந்த நேரத்தில்தான் ஃபிளைஷர்கள் வில்லன் தேடிக்கொண்டிருந்தார்கள். கைக்குக் கிடைத்தவனை நிரந்தரமாக வைத்துக்கொண்டார்கள். 1960-இலிருந்து பாப்பாயின் உரிமையாளரான கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனம் தொலைக்காட்சிக்கென்று அவசர அவசரமாக 220 படங்களைத் தயாரித்தது. ப்ளூட்டோ என்ற பெயர் படக்கம்பெனிக்குச் சொந்தம் என்று தவறாக நினைத்து, ப்ரூட்டஸ் என்று மாற்றினார்கள். உண்மையில் அது அவர்களுடைய சொந்தத் தொடரில் பிறந்த பெயர். 1978-இல் வந்த புதிய தொலைக்காட்சித் தொடரில் பழைய பெயர் திரும்பிவிட்டது. ஆக, ஒரே முரடன்தான்.

பேரனுக்குக் கார்ட்டூன் காட்டும்போது ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1942, 43-இல் போர்க்காலத்தில் எடுத்த சில படங்களில் ஜப்பானியரை மிகக் கேவலமாக வரைந்திருக்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு அவை வேண்டவே வேண்டாம். அந்த 220 படங்களிலும் ஓவியம் மோசம். நாள் கடத்தத்தான் உதவும். 1936-இல் வண்ணத்தில் வந்த சிந்துபாத் படத்தைக் காட்டுங்கள். ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட படம். அதில் பாத்திரங்களுக்குப் பின்னால் குகையும் பாறையும் நிஜமாகவே ஆழமாகத் தெரியும். மேசைமேல் சின்னதாக அரங்கம் கட்டி, சுழலவிட்டு, அதற்கு முன்னால் ஓவியத் தாளை நிறுத்திப் படம் பிடித்தார்கள்.

உங்கள் தம்பிக்கும் ஒரு கதை வைத்திருக்கிறேன், இது சரிபார்த்த கதை. 1981-இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் பாப்பாயை வைத்து ஒரு வீடியோ கேம் செய்ய நினைத்தது. உரிமை கிடைக்கவில்லை. ஷிகேரு மியமோட்டோ என்ற இளைஞர் ப்ளூட்டோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குரங்கையும், பாப்பாய் இடத்தில் மீசை வைத்த ஒரு தச்சனையும், ஆலிவ் இடத்தில் வேறொரு பெண்ணையும் வைத்தார். அதுதான் 'டாங்கி காங்'. அந்தத் தச்சன்தான் பின்னால் மரியோ ஆனான். தம்பி வீட்டுப் பிள்ளைகள் மரியோ விளையாடுபவர்களாக இருந்தால், அவர்களிடம் இதைச் சொல்லச் சொல்லுங்கள்.

பேரனுக்கோ, இன்றிரவு அந்த மாயக்கோழிக் கதையைச் சொல்லுங்கள். 1929-இல் வந்த அந்தப் படக்கதைகள் 2025 ஜனவரி 1 முதல் அமெரிக்காவிலேயே பொதுச்சொத்து. இணையத்தில் தேடினால் முதல் நாள் படத்தையே காட்டலாம். குண்டடி பட்டவன் கோழித் தலையைத் தடவிக்கொண்டு படுத்திருக்கும் கட்டம் வந்ததும் கொஞ்சம் நிறுத்துங்கள். அடுத்து என்ன ஆயிற்று என்று அவன் கேட்பான். அப்போது கடையலும் சோறும் தயாராக இருக்கட்டும்.